ரெண்டு பக்கமும் ஓடும் கேசட்

சென்ற இதழில், “பாட்டுக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவரிடம் கேளுங்கள்” என்று ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டார். பத்துக் கடிதம் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். ஒரு மஞ்சப்பை நிறைய வந்து சேர்ந்திருக்கிறது. முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

நான் யார் என்று கேட்டவர்களுக்கு: ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம். கேரளம்தான், ஆனால் கடைத்தெருவில் நின்றால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். 1984-லிருந்து 2006 வரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இப்போது அதே அறையில் மருமகன் ஜெராக்ஸும் ரீசார்ஜும் பார்க்கிறார். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. ராகத்தின் பேரெல்லாம் யாராவது சொல்லிக் கேட்டதுதான்.

*ஒரே ஒரு கேசட்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?*
வாசகி, பொள்ளாச்சி

இருபத்திரண்டு வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆளைப் பார்த்து ஆளுக்கொரு பதில் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அச்சில் வருவதால் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்: ‘கிருஷ்ண கானம்’. கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, தனியாகப் போட்ட பக்திப் பாட்டுகள்.

நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றித்தான் யோசிப்பேன். ஆனாலும் அந்தக் கேசட்டில் ஒவ்வொரு பாடகரும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி பாடியிருக்கிறார்கள். ‘புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே’ என்று டி.எம்.எஸ். ஆரம்பிக்கும்போது கண்ணனைக் கூப்பிடுவதில்லை, மூங்கிலைக் கூப்பிடுகிறார். பாதிப் பாட்டு வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றிய அன்றைக்கு ரீவைண்ட் பண்ணி மறுபடி கேட்டேன். சீர்காழி ‘குருவாயூருக்கு வாருங்கள்’ என்று எடுத்தால், எங்கள் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஆள் ஏற்றுகிற உற்சாகம் இருக்கும்.

எஸ்.பி.பி. பாடிய ‘ஆயர்பாடி மாளிகையில்’ எனக்குச் சோறு போட்ட பாட்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் அறுபது நிமிட கேசட்டைக் கொண்டுவந்து, “ஒரு பக்கம் பூரா இதையே போட்டுக் கொடுங்க” என்பார்கள். ஆறு தடவை பிடிக்கும். ஆறாவது முடிந்த பிறகு மீதி ரீல் வெறும் இரைச்சலாக ஓடிக்கொண்டிருக்கும். அதையும் அழிக்காமல் விடச் சொல்வார்கள், ஏனென்றால் குழந்தை தூங்குவது அந்த இரைச்சலில்தானாம். பக்கத்து வீட்டுச் சேச்சிக்குத் தமிழில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தன் மூன்று பேரக் குழந்தைகளையும் அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்க வைத்தார். கேசட்டே வேண்டாம், அவர் குரலே போதுமாக இருந்தது.

*கம்பெனி கேசட்டைப் பிரதி எடுத்து விற்றீர்களே, அது திருட்டு இல்லையா?*
வாசகர், ஈரோடு

திருட்டுத்தான். அப்போது அது தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஒரிஜினல் வாங்கி நூறு பேருக்குப் பதிந்து கொடுப்பேன். பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அதில் காலணா போகாது. “செக்கிங் வருதாம்” என்று பொள்ளாச்சியிலிருந்து யாராவது சொன்னால் ஒரு வாரம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கேசட்டில் அவர்கள் வைத்த வரிசை. எங்கள் கடையில் வாங்குகிறவர் வைத்ததுதான் வரிசை. நோட்டுத் தாளைக் கிழித்து, பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதியிருப்பதைப் பார்த்தே வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துவிடும். நிச்சயமான பையன் ஒரு பட்டியல் கொண்டுவருவான். ரெண்டு மாதம் கழித்து அதே பையன், அதே கையெழுத்து, பட்டியல் மட்டும் தலைகீழாக மாறியிருக்கும். நான் எதுவும் கேட்க மாட்டேன். டீ சொல்வேன், அவ்வளவுதான்.

*எம்.எஸ்.வி. தமிழரா, மலையாளியா? உங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்கிறார்கள்?*
வாசகர், கோவை

எங்கள் டீக்கடையில் தினம் நடக்கிற வழக்கு இது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மலையாளப் பக்கத்து வக்கீல் சொல்வது: பிறந்தது எங்கள் பாலக்காட்டு எலப்புள்ளி, 1928 ஜூன் 24. அப்பா சீக்கிரமே போய்விட, வளர்ந்தது கண்ணூரில் தாத்தாவிடம். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருந்த நீலகண்ட பாகவதர். தமிழ்ப் பக்கத்து வக்கீல் விடமாட்டார்: பையனாகப் பிழைக்க வந்தது கோவைக்கு. ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பையன். பிறகு திருச்சிக்காரர் டி.கே.ராமமூர்த்தியோடு சேர்ந்து 1965 வரைக்கும் அந்த இரட்டையர் போட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். கடைசியில் அவர் துருப்புச் சீட்டை இறக்குவார்: ‘நீராருங் கடலுடுத்த’ மெட்டே எம்.எஸ்.வி. போட்டதுதானே?

உடனே இந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். ‘பணி தீராத்த வீடு’ என்ற மலையாளப் படத்தில் கவிஞர் வயலார் எழுதிய பாட்டு ஒன்றை எம்.எஸ்.வி.யே பாடியிருக்கிறார், ‘கண்ணுநீர்த் துள்ளியே’. அந்தக் குரலை இனிமையான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அவர் பாடியதிலேயே அதுதான் முதலில் நிற்கும்.

நான் வாயைத் திறப்பதில்லை. எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, அதற்குப் பின்னால் புலவர்கள் பாடுவது கம்பராமாயணம். ராம ராவண யுத்தம் நடந்தபோது பகவதி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்துவிட்டாளாம், அதனால் அவள் பார்ப்பதற்காக வருடா வருடம் நடத்துகிறோம் என்பார்கள். எதிரில் மனுஷர் ஒருவரும் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. பகவதியே தமிழில் ராமாயணம் கேட்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் யாரை எந்தப் பக்கம் தள்ளுவது?

*கடையில் நீங்கள் சொர்ணலதாவைப் பற்றிப் பேசுவீர்கள் என்று என் அண்ணன் சொல்வார். கொஞ்சம் எழுதுங்களேன்.*
வாசகி, நல்லேப்பிள்ளி

உங்கள் அண்ணன் யார் என்று யூகிக்க முடிகிறது தங்கச்சி. பாக்கி வைத்துவிட்டுப் போனவர் என்றால் அவரேதான்.

அத்திக்கோடு எங்கள் பக்கத்து ஊர். அங்கே 1973-இல் பிறந்தவர் சொர்ணலதா. அப்பா ஆர்மோனியம் வாசிப்பவர். குடும்பம் பிறகு கர்நாடகத்துக்குப் போய்விட்டது, பெண் வளர்ந்தது பத்ராவதியில். 1987-இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் முதல் பாட்டு: பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’, கூடப் பாடியவர் யேசுதாஸ், இசை எம்.எஸ்.வி. வயது பதினாலு. அந்தக் கேசட்டை எத்தனையோ பேருக்குப் பதிந்து கொடுத்தேன். பாடுகிற பெண் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவள் என்று எனக்குத் தெரியாது. எலப்புள்ளிக்காரர் மெட்டுக்கு அத்திக்கோட்டுப் பெண் பாடுகிறாள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஸ்பீக்கரை வெளியில் வைத்திருப்பேன்.

1990-இல் ‘சத்ரியன்’ வந்தது. ‘மாலையில் யாரோ’. சுத்த தன்யாசி ராகம் என்று பாட்டு மாஷ் (வாத்தியார்) ஒருவர் சொன்னார், இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் குரல் மைக்கை அதட்டாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி பாடும். எங்கள் ஊரில் ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்கி எடுக்கும். கடைக் கதவு அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்திலும் இந்தப் பாட்டு தனியாகக் கேட்கும், வால்யூம் வைக்க வேண்டியதில்லை. பதிய வந்தவர்களில் பெண்கள்தான் நிறைய. படத்தின் பேர் சொல்ல மாட்டார்கள், “அந்தச் சாயங்காலப் பாட்டு” என்பார்கள். கடலைக்காட்டில் கூலிக்குப் போகிற ஒரு அக்கா ரெண்டு பக்கமும் அதையே போடச் சொல்லி வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் ரீல் நைந்து திரும்பி வந்தது. புதுசில் மறுபடி அதையே போட்டுக் கொடுத்தேன்.

அதே தொண்டைதான் அடுத்த வருடமே ‘ஆட்டமா தேரோட்டமா’ பாடியது, ‘ராக்கம்மா கையத்தட்டு’ பாடியது. அதற்கப்புறம் 1994-இல் ‘கருத்தம்மா’, ‘போறாளே பொன்னுத்தாயி’, தேசிய விருது. விருதுப் பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆனால் என் ஓட்டு சாயங்காலப் பாட்டுக்கு.

2010 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. மருமகன் டிவியில் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். முப்பத்தேழு வயது. நான் பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கி ‘சத்ரியன்’ கேசட்டைத் தேடி எடுத்தேன். டெக்கில் பெல்ட் அறுந்து கிடந்தது. கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்காரி வந்து விளக்குப் போடும் வரை.

*உங்கள் ஊர்ப் பக்கம் வேறு யார்?*
வாசகர், உடுமலைப்பேட்டை

பி.லீலா. 1934-இல் சித்தூரில் பிறந்தவர் (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் சித்தூர்). ‘மிஸ்ஸியம்மா’வில் ஏ.எம்.ராஜாவோடு ‘வாராயோ வெண்ணிலாவே’, ‘உத்தமபுத்திர’னில் ‘காத்திருப்பான் கமலக்கண்ணன்’. விடியற்காலையில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கிகளில் வருகிற நாராயணீயமும் அவர் குரல்தான்.

*ராஜாவின் சினிமா அல்லாத ஆல்பங்களைக் கேட்டிருக்கிறீர்களா?*
வாசகர், கம்பம்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள், சரி.

‘ஹௌ டு நேம் இட்’ 1986-இல் வந்தது. கோவையில் ஒரு கடையில் பார்த்து, ராஜா படம் போட்டிருக்கிறதே என்று அஞ்சு கேசட் வாங்கி வந்தேன். நாலு திரும்பி வந்தன. “அண்ணா, இதில பாட்டே காணோம், வெறும் மீசிக்தான் ஓடுது” என்று சண்டைக்கு வந்தார்கள். அஞ்சாவது விற்கவே இல்லை. நஷ்டத்தை ஈடுகட்டவாவது கேட்போம் என்று மதிய நேரத்தில் போட்டு விடுவேன். முதல் பத்து நாள் எனக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு நாள், டெக்கைக் கழற்றி ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைப் போட்டேன். வயலின் வாசிக்கிற வி.எஸ்.நரசிம்மன் வில்லை இழுப்பது தனியாகக் கேட்டது. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் இசைக்காரருக்கும் சமர்ப்பணம் என்று உறையில் போட்டிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தேன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று வரும். பாக் எழுதிய வயலின் துண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இவர் அதைத் தொடாமல், மேலே இன்னொரு பந்தல் போடுவார். வந்த விருந்தாளியை எழுப்பாமல் வீட்டைப் பெருக்கின மாதிரி ஒரு நாசூக்கு. அதற்கப்புறம் அந்த அஞ்சாவது கேசட்டை விலைக்கு வைக்கவில்லை.

‘நத்திங் பட் விண்ட்’ 1988-இல் வந்தபோது எல்லாரும் உடனே வாங்கினார்கள். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக நான் ஒரு நாளும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டதில்லை.

*கர்நாடக சங்கீதம் உண்டா? பாலக்காட்டுக்காரர் இல்லையா!*
வாசகி, மயிலாப்பூர், சென்னை

செம்பை, மணி அய்யர் என்று பேர் சொல்லும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இல்லை என்றால் அடிப்பார்கள். ஆனால் உண்மையில் எனக்கு அது ரொம்பத் தாமதமாக, அதுவும் ஒரு அவமானத்தோடு வந்தது.

ஓய்வு பெற்ற கணக்கு மாஷ் ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்து, பிரதி எடுக்கச் சொன்னார். போட்டேன். குரல் பாதாளத்திலிருந்து வருகிறது, அதுவும் நத்தை மாதிரி. மெஷின் ஸ்லோவாகிவிட்டது என்று நினைத்து பெல்ட்டை மாற்றினேன். அப்படியே இருந்தது. பின்ச் ரோலரைத் துடைத்தேன். அப்படியே. மோட்டாரில் இருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினேன். இப்போது மனுஷர் சாதாரணமாகப் பாடினார். அதையே பதிந்து மாஷிடம் கொடுத்தேன்.

மறுநாள் வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எடோ, மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. எம்.டி.ராமநாதன் அப்படித்தான் பாடுவார்!” எங்கள் மாவட்டத்து மஞ்சப்ராக்காரர், டைகர் வரதாச்சாரியாரின் சீடர். அவ்வளவு தாழ்ந்த சுருதியில், அவ்வளவு நிதானமாகப் பாடுவதுதான் அவர் கட்டிக்கொண்ட வீடு. நான் அந்த வீட்டை இடித்துத் தகர ஷெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்குரூவைத் திருப்பி வைத்து, மாஷும் நானும் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டோம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அவர் நின்று சுற்றிப் பார்க்கிறார். அதைக் கேட்டுப் பழகிய பிறகு, மற்றவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரித் தெரிகிறார்கள். இது நியாயமில்லாத பேச்சு என்று தெரியும்.

*ரஹ்மான்?*
வாசகர், திருப்பூர்

‘ரோஜா’ வந்த 1992-இலேயே மலையாளத்தில் ‘யோதா’வும் அவர் இசையில் வந்தது, அதனால் எங்களுக்கு அவர் ரெண்டு கதவு வழியாகவும் வந்தார். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களில் இசையமைத்தவர். எனக்கு ரஹ்மான் மேல் ஒரே வருத்தம்தான்: அவருடைய அடி ஒலிகள் என் டெக்கில் பிடிபடாமல் பொரபொர என்று கிழிந்தன. புது டெக் வாங்கக் கடன் வாங்கினேன். கடன் அடைவதற்குள் சி.டி. வந்துவிட்டது.

*மலையாளப் பாட்டு கேட்க ஆசை. மொழி தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?*
வாசகி, மதுரை

தெரிந்த குரலிலிருந்து ஆரம்பியுங்கள். ஜெயச்சந்திரனை உங்களுக்கு ‘ராசாத்தி உன்ன’ என்ற வரியில் ஏற்கெனவே தெரியும். தமிழில் அவருக்கு முதல் பாட்டைக் கொடுத்தவரும் எம்.எஸ்.வி.தான். 1973-இல் ‘அலைகள்’ படத்தின் ‘பொன்னென்ன பூவென்ன’வும் அவர் இசைதான். மலையாளத்தில் அதே எம்.எஸ்.வி. இசையில் ‘சுப்ரபாதம்’ பாடியிருக்கிறார், நான் மேலே சொன்ன ‘பணி தீராத்த வீடு’ படம்தான். நீலகிரியை வாழ்த்துகிற பாட்டு, அர்த்தம் தானாகவே புரிந்துவிடும். 2025 ஜனவரி 9 அன்று திருச்சூரில் காலமானார். அன்று எங்கள் பஸ் ஸ்டாண்டில் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறிப் போட்டார்கள், யாரும் ஏற்பாடு செய்யாமலே.

அடுத்தது இசையமைப்பாளர் பாபுராஜ். கோழிக்கோட்டுக்காரர், இந்துஸ்தானி வாசனை தூக்கலாக இருக்கும். ராத்திரியில் மட்டும் கேளுங்கள். தேவராஜன் மாஸ்டரை நீங்கள் தெரியாமலே கேட்டிருக்கிறீர்கள்: 1975-இல் வந்த ‘சுவாமி அய்யப்பன்’ படத்துக்காக யேசுதாஸ் பாடிய ‘ஹரிவராசனம்’ மெட்டு அவருடையது. கார்த்திகை மாதம் எங்கள் சாலையில் போகிற தமிழ்நாட்டு வண்டிகள் எல்லாவற்றிலும் ‘பள்ளிக்கட்டு’ பாடுகிற கே.வீரமணி, கடைசியில் இது. எந்த வண்டியும் இந்த வரிசையை மாற்றிப் போட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஜான்சன். திருச்சூர்க்காரர். பாட்டை விட, படத்தில் யாரும் பேசாத இடங்களில் அவர் போடுகிறதைக் கேளுங்கள். ‘பொந்தன்மாட’, ‘சுகிர்தம்’ என்று அடுத்தடுத்துத் தேசிய விருது வாங்கினார். மொழியே வேண்டாத இடம் அது.

*கேசட்டில் கேட்டால்தான் ஒலி உயிரோடு இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?*
வாசகர், சேலம்

இல்லை. நான் விற்றவன், சொல்கிறேன். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாத ஒரு மெல்லிய நாடா, அதில் இரைச்சல், அதிலும் என் மாதிரி ஆள் எடுத்த மூன்றாம் பிரதி. வெயிலில் காரில் வைத்தால் அழும். மருமகனின் போனில் சின்ன ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, ‘மாலையில் யாரோ’வில் இருபது வருடமாக நான் கேட்காத ஒரு வீணையைக் கேட்டேனோ கிட்டாரைக் கேட்டேனோ, புதிதாக ஒன்று கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது.

*மறக்க முடியாத கேசட் எது? பாட்டுக்காக இல்லாமல்.*
வாசகி, வேலந்தாவளம்

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

1991, ஆடி மாதம். அம்மன் கோயில் சாட்டு வரும், எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டுக்குக் கடையில் வரிசை நிற்கும். ‘செல்லாத்தா’, ‘கற்பூர நாயகியே’. ராத்திரி பதினோரு மணி வரை பதிவேன். ஒரு அம்மா பழைய அறுபது நிமிட கேசட்டைக் கொடுத்து, “ஏ பக்கம் மட்டும் போட்டுக் குடுங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே பேர் எதுவும் எழுதவில்லை. நெரிசலில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. பி பக்கத்திலும் ஈஸ்வரியைப் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து அதற்குக் காசும் வாங்கவில்லை.

நாலு நாள் கழித்து அந்த அம்மாவும் அவர் தம்பியும் வந்தார்கள். பி பக்கத்தில் இருந்தது அவர்களுடைய அப்பா. கள் இறக்குகிற வேலை, ஓய்வு நேரத்தில் பொறாட்டு நாடகத்தில் வேஷம் கட்டுகிறவர். எங்கள் பக்கத்துப் பொறாட்டு, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக இருக்கும். கல்ஃபிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில், ஒரு ஓணத்தன்று வீட்டுத் திண்ணையில் வைத்து அவர் பாடியதைப் பிடித்திருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் பனையிலிருந்து விழுந்து போய்விட்டார். வேறு பிரதி கிடையாது.

தம்பி கத்தினார். கத்த வேண்டியதுதான். அந்த அம்மா கத்தவில்லை. “அடியில எங்கியாச்சும் இருக்குமா?” என்று கேட்டார். பழைய மெஷின்களில் அழிக்கிற ஹெட் சரியாக உட்காராவிட்டால் முந்தின சத்தம் கொஞ்சம் தங்கிவிடும். என் மெஷின் நல்ல மெஷின். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டி, வால்யூமை முழுக்க வைத்து, பி பக்கத்தை முதலிலிருந்து ஓட்டினேன். ஈஸ்வரி பாடும்போது குறைப்பேன், ரெண்டு பாட்டுக்கு நடுவில் வருகிற இடைவெளியில் கூட்டுவேன். மூன்றாவது இடைவெளியில் அவர் கையைத் தூக்கினார். “இருமறாரு” என்றார். நான் வாங்கி அதே இடத்தை ஏழெட்டு முறை கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. “ஆமாங்க” என்றேன்.

அந்தக் கேசட்டைக் கொண்டுபோய்விட்டார். அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை, சந்தையில் பார்த்தால் சிரிப்பார்.

*வீட்டில் ஐம்பது, அறுபது பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா?*
வாசகர், பழனி

சினிமாப் பாட்டு என்றால் கவலை வேண்டாம், எல்லாம் எங்காவது கிடைக்கும். பேர் எழுதாதவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். ரீலில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், டெக்கின் ஹெட்டையும் கெடுத்துவிடும். நன்றாக இருக்கிறவற்றை ஒரு தடவை கடைசி வரை ஃபார்வர்டு, ஒரு தடவை ரீவைண்டு பண்ணுங்கள், ரீல் ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடும். சிக்கினால் பென்சில் போட்டு நிதானமாகச் சுற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் காந்தம் இருக்கிறது. ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளலாம், பக்கத்தில் காலேஜ் படிக்கிற பையன் யாராவது இருந்தால் அரை மணி நேர வேலை. ரெண்டு பக்கமும் கடைசி வரை கேளுங்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், பின்னால் யாராவது பேசியிருக்கலாம்.

இதெல்லாம் அப்புறம். முதலில், கேசட்டின் முதுகில் ரெண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். நகத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ அந்த ரெண்டையும் ஒடித்துவிடுங்கள். அதற்கப்புறம் யார் கைக்குப் போனாலும் தெரியாமல் அதன்மேல் எதையும் பதிந்துவிட முடியாது.